கோட்டும் டி.சி.யும்

இந்த வாரம் வெங்காயப் பட்டறை பிரிச்ச கதையை எழுதலாம்னுதான் இருந்தேன். விதை வெங்காயத்துல அழுகல் எவ்வளவு கழிஞ்சுது, மிச்சம் எத்தனை மூட்டை தேறிச்சுன்னு குறிச்சும் வச்சிருக்கேன். அதை அடுத்த பதிவுல எழுதறேன். பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரம் ஆகுது, இந்த விஷயம் மனசுல உருண்டுக்கிட்டே இருக்கு. இதை முதல்ல இறக்கி வச்சிடறேன்.

எங்க ஊர்ல இருக்கிறது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவதுக்கு அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உயர்நிலைப் பள்ளிக்குப் போகணும். என் சின்ன மக இந்த வருஷம் எட்டாவது முடிச்சா. பெரியவளுக்கும் இவளுக்கும் ஒன்பது வருஷம் இடைவெளி, எனக்கு வயசு 55. பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்போது "தாத்தாவா?"ன்னு கேட்டவங்களும் உண்டு.

வருஷா வருஷம் எட்டாவது பிள்ளைங்களுக்கு ஒரு வழியனுப்பு விழா நடக்கும். பெரிசா ஒண்ணும் இருக்காது. ஏழாவது பிள்ளைங்க மிட்டாய் வாங்கித் தரும், எட்டாவது பிள்ளைங்க காசு போட்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கித் தரும். கடிகாரத்துக்குக் கீழ "எட்டாம் வகுப்பு மாணவர்கள் அன்பளிப்பு"ன்னு வருஷத்தோட எழுதியிருக்கும். எங்க பள்ளிக்கூடத்துல இப்படி ஏழு கடிகாரம் தொங்குது. ஓடறது ரெண்டு. அந்த ரெண்டும் ஒரே மணி காட்டாது.

இந்த வருஷம் பெரிசா செய்யணும்னு கிளப்பி விட்டது நான்தான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

டவுன்ல இருக்கிற என் மச்சான் பேரன் யு.கே.ஜி. முடிச்சதுக்கு கறுப்புக் கோட்டு போட்டு, தலையில சதுரத் தொப்பி வச்சு, கையில சுருட்டின பேப்பரோட ஸ்டேட்டஸ்ல படம் வந்துது. அஞ்சு வயசுப் பையன், பி.ஏ. பட்டம் வாங்கின மாதிரி நிக்கிறான். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வரலை, பொறாமைதான் வந்துது. நம்ம பிள்ளை எட்டு வருஷம் படிச்சு முடிச்சிருக்கு, அதுக்கு ஒரு மிட்டாயும் கடிகாரமுமா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் மாசி மாசம் நடந்துது. இந்தக் குழு 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல சொன்ன குழு. நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். போன வருஷம் ஆகஸ்ட்ல புதுசா ஆள் தேர்ந்தெடுத்தப்போ என் சம்சாரம் பேரு வந்துது. உறுப்பினர் அவ. ஆனா கூட்டத்துக்குப் போறது நான். அவ கையெழுத்துப் போட்டுக் குடுப்பா, நான் போய் உக்காந்து பேசிட்டு வருவேன். எங்க ஊர்ல பாதிக் குடும்பத்துல இப்படித்தான். பஞ்சாயத்துல வார்டு மெம்பர் அம்மா பேருல இருக்கும், நாற்காலியில அய்யா உக்காந்திருப்பார். அதைப் பார்த்து நான் கிண்டல் பண்ணினவன்தான். நான் செய்யறதும் அதேதான்னு அப்போ உறைக்கலை.

கூட்டம் மூணு மணிக்கு. நான், இன்னும் நாலு அப்பாமாருங்க, ரெண்டு மூணு அம்மாமாருங்க, தலைமையாசிரியை, எட்டாவது டீச்சர், அவ்வளவுதான். நான் செல்போனை நீட்டி படத்தைக் காட்டினேன். எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. பத்து நிமிஷத்துல கணக்குப் போட்டோம். கோட்டு தொப்பி வாடகை 250, சட்டம் போட்ட போட்டோ 150, சாப்பாடு 120, பிளெக்ஸ், கேக்கு, இதர செலவு 80. ஆக ஒரு பிள்ளைக்கு 600. மொத்தம் 23 பிள்ளைங்க. தலைமையாசிரியை ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "பெத்தவங்க எல்லாரும் சம்மதிச்சா எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா பள்ளிக்கூடம் ஒரு ரூபா வசூல் பண்ணாது. எல்லாரும் சம்மதிக்கிறாங்களான்னு நல்லா கேட்டுக்கங்க." நான் திரும்பிப் பார்த்தேன். வந்திருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. வராதவங்களை யாரும் கேக்கலை.

அப்புறம் பத்து நாள் இருக்கும். பருத்தி கடைசி எடுப்பு நடந்துக்கிட்டிருந்துது. மானாவாரிப் பருத்தி, மாசி வெயில்ல செடி காஞ்சு, வெடிச்ச காய் முள்ளு மாதிரி விரல்ல குத்தும். ஆறு பேர் எடுத்தாங்க. அதுல ஒரு அம்மா எங்க காட்டுக்கு பத்து வருஷமா வர்றவங்க. அவங்க மகளும் என் மகளும் ஒண்ணாவதுல இருந்து ஒரே பெஞ்சு. சாயங்காலம் எடை போட்டு முடிச்சு எல்லாரும் கிளம்பினப்புறம் அந்த அம்மா மட்டும் வரப்புல நின்னாங்க.

"அண்ணே, ஒரு 600 ரூவா முன்பணமா குடுங்கண்ணே. எடுப்புல கழிச்சுக்கறேன்."

"என்னாத்துக்கும்மா?"

"பாப்பாவுக்குக் கோட்டாம்ணே. பள்ளிக்கூடத்துல எல்லாரும் போடறாங்களாம்."

கோட்டு யோசனை யாரோடதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் குடுக்கிற கூலி ஒரு நாளைக்கு 250. ஒரு பொழுது போட்டு கழட்டற வாடகைத் துணிக்கு, அவங்க ரெண்டரை நாள் என் காட்டுலயே குனிஞ்சு நிமிரணும். பணத்தை எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, "நல்லா இருப்பீங்கண்ணே"ன்னு வேற சொல்லிட்டுப் போனாங்க. அந்த வார்த்தைதான் ராத்திரி தூங்க விடலை.

மகளைக் கேட்டேன், யார் யார் காசு குடுத்தாங்கன்னு. பதினாலு பேர் குடுத்திருக்காங்க, ஒன்பது பேர் குடுக்கலை. அந்த ஒன்பதுல மூணு பேர் ஒரு வாரமா பள்ளிக்கூடமே வரலையாம்.

"ஏன் வரலை?"

"கோட்டு இல்லாதவங்க போட்டோவுல கடைசி வரிசைன்னு யாரோ சொல்லிட்டாங்கப்பா."

யாரும் அப்படித் தீர்மானம் போடலை. ஆனா பிள்ளைங்க கணக்கு வேற. பெரியவங்க ஒரு காரியத்தைத் தொடங்கி வச்சா, மிச்சத்தை அதுங்களே எழுதிக்கும்.

என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவ அடுப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டா. "குழுவுல பேரு எனக்கு. கையெழுத்துப் போட்டது நான். பேசினது நீங்க. காசு கேட்டு வரப்புல வந்து நின்னது அந்தப் புள்ள." அவ்வளவுதான் சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த கூட்டத்துக்கு நான் போறேன். மூணு மணிக்கு வச்சா காட்டு வேலைக்குப் போறவ எவ வருவா? அஞ்சரைக்கு வைக்கச் சொல்லணும்"ன்னா.

எனக்கு அப்போ என் தங்கச்சி ஞாபகம் வந்துது. நான் எட்டாவது முடிச்சது 1984ல. அப்போ விழாவும் கிடையாது, மிட்டாயும் கிடையாது. வாத்தியார் சுவத்துல தேர்ச்சிப் பட்டியலை ஒட்டுவார், பேர் இருந்தா டி.சி. வாங்கிக்கிட்டுப் போகலாம். நான் சைக்கிள்ல உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன், பத்தாவது வரைக்கும் படிச்சேன். தங்கச்சி ரெண்டு வருஷம் சின்னவ, கணக்குல என்னை விடக் கெட்டி. எட்டாவது தேறினா. அவ டி.சி.யை யாரும் வாங்கவே போகலை. "பொம்பளப் புள்ள அஞ்சு கிலோமீட்டர் எப்படிப் போகும்?"ன்னு எங்க அப்பா ஒரு வார்த்தை சொன்னார், முடிஞ்சுது. வேண்டாம்னு யாரும் சண்டை போடலை, அவளும் அழலை. அடுத்த நாள் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனா. நான் அப்போ பக்கத்துலதான் இருந்தேன். என் சைக்கிள்ல பின்னாடி ஒரு கேரியர் இருந்துது.

எட்டாவதுங்கிறது கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு வாய்க்கால் மடை மாதிரி. அதுவரைக்கும் தண்ணி தானா வந்துடும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும்தான். எட்டாவது வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க. 2019ல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வுன்னு அறிவிச்சு, ஊரே கலங்கி, 2020 பிப்ரவரியில வாபஸ் வாங்கினாங்க. 2024 டிசம்பர்ல மத்திய அரசு விதியை மாத்தினப்பவும் நம்ம மாநிலத்துல பழைய முறைதான்னு சொல்லிட்டாங்க. நல்லதுதான். ஆனா எட்டாவது முடிஞ்ச அன்னைக்கு சட்டமும் கையை விட்டுடுது, ஊர்ப் பள்ளிக்கூடமும் கையை விட்டுடுது. டி.சி.யை ஒருத்தர் வாங்கணும், இன்னொரு பள்ளிக்கூடத்துல ஒருத்தர் கொண்டு போய் சேர்க்கணும். இப்போ எல்லாம் எமிஸ்னு கம்ப்யூட்டர்ல இருக்கு, பிள்ளை எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும்னு டீச்சர் சொல்றாங்க. சேராத பிள்ளை பேரும் அதுல தெரியும்தான். ஆனா கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போகாதே.

பங்குனிக் கூட்டத்துக்கு என் சம்சாரம் போனா. அதுக்கு முந்தின நாள் ரேஷன் கடை வரிசையில நின்னுக்கிட்டே முப்பது பேருக்குச் சொல்லிட்டா. நோட்டீஸ் அடிச்சா கூட அவ்வளவு வேகமாப் போயிருக்காது. அஞ்சரைக்கு, வேலை விட்டு வந்து முகம் கழுவின கையோட இருபதுக்கு மேல அம்மாமாருங்க வந்துட்டாங்க. கீழத்தெரு, காலனி, மேட்டுத்தெரு எல்லாம். நான் வேடிக்கை பார்க்கப் போய் வேப்ப மரத்தடியில நின்னேன். தலைமையாசிரியைக்கு டவுனுக்குப் போற பஸ்ஸு போயிடும். ஆனாலும் இருந்தாங்க. அதைச் சொல்லணும்.

கோட்டு விஷயம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. யாரும் யாரையும் குத்தம் சொல்லலை. வயசான ஒரு அம்மா, பேரனை வளர்க்கிறவங்க, "சித்திரை வெயில்ல கறுப்புக் கோட்டு போட்டா புள்ளைங்க வெந்துடும்டி"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, தீர்ந்துது. நான் பத்து நிமிஷம் பேசி ஏத்தினதை அந்தம்மா ஒரு வாக்கியத்துல இறக்கிட்டாங்க. யூனிஃபார்ம் துவைச்சுப் போட்டா போதும்னு முடிவு. வசூலான காசை அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுக்கிற வேலை எனக்கு. பதினாலு வீட்டுப் படியேறி நானே குடுத்தேன்.

ஆனா கூட்டம் அதோட முடியலை. அம்மாமாருங்க கேட்டது எல்லாம் வேற. ஒன்பதாவது சேர்க்க என்னென்ன கொண்டு போகணும்? சாதிச் சான்றிதழ் இல்லைன்னா சேர்ப்பாங்களா? ஆதார்ல பேரு ஒரு மாதிரியும் பள்ளிக்கூடத்துல ஒரு மாதிரியும் இருக்கே, என்ன பண்றது? பேங்க் புத்தகம் செத்துப் போச்சு, ஸ்காலர்ஷிப் வருமா? அங்க பொண்ணுங்களுக்குக் கழிவறை இருக்கா, தண்ணி வருதா? காலையில பஸ் எத்தனை மணிக்கு? அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை படிச்சா காலேஜ்ல மாசம் 1000 ரூவா குடுக்கிறாங்களே, நடுவுல பள்ளிக்கூடம் மாறினா அது போயிடுமா? அரசுப் பள்ளியில இருந்து அரசுப் பள்ளிக்கு மாறினா போகாதுன்னு டீச்சர் சொன்னாங்க. நாலு பேர் முகத்துல அப்போதான் தெளிவு வந்துது. இத்தனை நாள் அந்த 1000 ரூபாயைப் பத்தி யாருக்கிட்ட கேக்கிறதுன்னு தெரியாம இருந்திருக்காங்க.

அப்போதான் என் சம்சாரம் சொன்னா: "விழாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்து சாரையே கூப்பிட்டா என்னங்க டீச்சர்? கல்யாணத்துல பொண்ணைக் கையில புடிச்சுக் குடுக்கிற மாதிரி, நம்ம புள்ளைங்களை அவர் கையில குடுத்துடலாம்ல?"

அப்படியே நடந்துது. ஏப்ரல்ல ஒரு வெள்ளிக்கிழமை. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் இன்னொரு டீச்சரோட பைக்குல வந்தார், கையில விண்ணப்பக் கட்டு. வராண்டாவுல ஒரு மேசை போட்டு, இல்லம் தேடிக் கல்வியில பாடம் எடுத்த எங்க ஊர்ப் பொண்ணு உக்காந்து எழுத, பெத்தவங்க கையெழுத்தும் கைநாட்டும் வச்சாங்க. டி.சி. தேர்வு முடிஞ்சு மே மாசம்தான் கிடைக்கும், ஆனா பேரைப் பதிஞ்சு வச்சாச்சு. என்னென்ன தாள் குறையுதுன்னு ஒவ்வொருத்தருக்கும் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க.

சாப்பாடு பள்ளிக்கூடத்துலயே பொங்கினோம். வீட்டுக்கு ஒரு படி அரிசி, முடிஞ்சவங்க ரெண்டு படி. என் பட்டறையில இருந்து பதினஞ்சு கிலோ வெங்காயம். ஒருத்தர் கத்திரிக்காய், ஒருத்தர் புளி, ஒருத்தர் விறகு. சாம்பார், கத்திரிக்காய் கூட்டு, ரசம், சேமியா பாயசம். எல்லாத் தெரு ஆளும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிட்டோம். எங்க ஊர்க் கோயில் திருவிழாவுல இன்னும் நடக்காத காரியம் அது. யாரும் அதைப் பத்திப் பேசலை. பேசினா கெட்டுப் போயிடும்னு எல்லாருக்கும் தெரியும்.

கடிகாரம் வாங்கலை. கல்விச் சீர்னு சில வருஷமா ஊர் ஊரா நடக்குது இல்லையா, தாம்பாளத்துல வச்சு மேளத்தோட பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டு போறது, அந்த மாதிரி செய்யலாம்னு பேச்சு வந்துது. என்ன குடுக்கலாம்னு கேட்டதுக்கு ஏழாவது படிக்கிற பொண்ணோட அம்மா எழுந்து, "பொண்ணுங்க கக்கூஸு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைங்க. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்குது"ன்னாங்க. குழுவுல இத்தனை நாள் உக்காந்து பேசின ஆம்பளைங்களுக்கு இது தெரியவே தெரியாது. எனக்கும் தெரியாது. என் மக எட்டு வருஷமா கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. ரெண்டு தாழ்ப்பாள், ரெண்டு வாளி, மூடி போட்ட ஒரு டிரம். அதைத் தாம்பாளத்துல வச்சு, வெத்தலை பாக்கோட, மேளம் இல்லாம கொண்டு போய்க் குடுத்தாங்க. தாழ்ப்பாளைத் தாம்பாளத்துல பார்த்து பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. திருகாணி போட்டது நான்.

போட்டோ ஒண்ணு எடுத்தோம். 23 பேரும் யூனிஃபார்ம்ல. உயரப்படி நிறுத்தினாங்க, என் மகதான் கடைசி வரிசை.

பருத்தி எடுக்கிற அந்த அம்மாவுக்குக் கோட்டுக் காசு 600 திரும்பி வந்துடுச்சு. அடுத்த நாளே அதை என்கிட்ட கொண்டு வந்து நீட்டினாங்க. வேண்டாம்மா, பாப்பாவுக்கு நோட்டு வாங்கிக்கன்னேன். "கணக்கு கணக்குதான்ணே"ன்னு திண்ணையில வச்சிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு இப்போ ஒன்பதாவது போகுது, என் மகளோட ஒரே ஆட்டோவுல.

பஸ்ஸு இன்னும் சரியாகலை. எங்க ஊருக்கு வர்ற பஸ்ஸு பள்ளிக்கூடத்துல மணி அடிச்சப்புறம்தான் அங்க போய்ச் சேருது. இருபது நிமிஷம் முன்னாடி விடுங்கன்னு குழுவுல தீர்மானம் போட்டு, ஐம்பது கையெழுத்தோட டெப்போவுல குடுத்திருக்கோம். பார்க்கிறோம்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஷேர் ஆட்டோ, மாசம் ஆளுக்கு 400. இது எல்லாராலயும் தொடர்ந்து குடுக்க முடியற காசு இல்லை. ஆடி வரைக்கும் தாங்கும், அதுக்கப்புறம் என்னன்னு தெரியலை.

23 பேர்ல 21 பேர் அந்த உயர்நிலைப் பள்ளியில சேர்ந்துட்டாங்க. ஒரு பொண்ணு டவுன்ல தனியார் பள்ளிக்குப் போயிடுச்சு. ஒரு பையன் மட்டும் எங்கயும் சேரலை. கோட்டு காரணமா பள்ளிக்கூடம் வராம இருந்த மூணு பேர்ல அவன் ஒருத்தன். விழாவுக்கு வந்தான், பாயசம் ரெண்டு தடவை வாங்கினான், விண்ணப்பத்துல அவங்க அப்பா கைநாட்டும் இருக்கு. மே மாசம் திருப்பூர்ல சித்தப்பா வீட்டுக்கு லீவுக்குன்னு போனவன் திரும்பலை. அங்க என்ன பண்றான்னு கேட்டா அவங்க அப்பா வேற பக்கம் பார்க்கிறார். அந்த ஒரு வாரம் அவன் வீட்டுல இருந்தப்போதான் வேலைக்கு அனுப்பற பேச்சு முதல்ல கிளம்பிச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அந்த வாரத்துக்கு நான்தானே பொறுப்பு.

நாளைக்குச் சாயங்காலம் எட்டாவது டீச்சரும் குழுவுல நாலு அம்மாமாருங்களும் அந்தப் பையன் வீட்டுக்குப் போறாங்க. தேவைப்பட்டா ஞாயித்துக்கிழமை திருப்பூர் போய்க் கூட்டிக்கிட்டு வர்றதுன்னு பேச்சு. என் சம்சாரமும் போறா. நானும் வர்றேன்னு சொன்னேன். பஸ் செலவுக்கு மட்டும் காசு குடுங்க போதும்னுட்டா.